கடல் இடது பக்கம்

ஹுவேயிலிருந்து டா நாங்குக்கு ரயிலில் போனால் கடல் இடது பக்கம் வரும் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள், நாலாவது ஆள் மட்டும் வலது பக்கம் என்கிறார், அவர் எதிர்த்திசையில் வந்திருப்பார், தெற்கே போகிறவளுக்குக் கிழக்கு இடது கைதானே, வியட்நாமுக்கும் நமக்குப் போலவே கிழக்கில்தானே கடல், ஆனால் நம் ரயில் சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை கடலைக் கண்ணில் காட்டாமலே கொண்டுபோய் இறக்கிவிடும், அங்கே இரண்டரை மணி நேரம் மலைக்கும் தண்ணீருக்கும் நடுவே போகிறதாம், கடல்மேகக் கணவாய் என்று பொருள்படும் பெயராம் அந்த இடத்துக்கு, பெயரைச் சொல்லும்போதே நெற்றியில் ஈரம் படுகிறது. ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொள்கிறேன், ஐந்தாம் நாள், காலை, ரயில், இடது பக்கம். ஒரு பக்கம் கோடு போட்டு ஒரு பக்கம் வெறுமையாக இருக்கும் இந்த நோட்டைத்தான் முப்பத்திரண்டு வருஷம் தாவரவியல் மாணவிகளிடம் வாங்கித் திருத்தினேன், இப்போது கோடு போட்ட பக்கத்தில் ஊரும் நேரமும், வெள்ளைப் பக்கத்தில் நானே வரைந்த வரைபடம், ஆறு கொஞ்சம் தடித்துவிட்டது. மணி இரண்டு பத்து. அங்கே இப்போது மூன்று நாற்பது, நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறார்கள், எனக்கு இன்னும் வராத ஒன்றரை மணி நேரம் அவர்களுக்கு முடிந்தேபோயிற்று. நாலு மணிக்குள் சொல்ல வேண்டும். டிராவல்ஸ் பெண் ஜெசிந்தா காலையில் தெளிவாகச் சொல்லிவிட்டாள், "எல்லாம் ஓகே மேடம், ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. ரூம் ஒண்ணா ரெண்டா? ரெண்டு பேரும் லேடீஸ், சொந்தக்காரங்க, ஒண்ணு போதுமேன்னுதான் எனக்குத் தோணுது. நாலு மணிக்கு மேல ஹோட்டல்காரன் வெச்சிருக்க மாட்டான்." ஒன்றா இரண்டா. ஏழு இரவு.

வேறெந்தக் கேள்விக்கும் இத்தனை நேரம் ஆகவில்லை. திருச்சியிலிருந்தே நேர் விமானம், நாலரை மணி நேரம், விசாவைக் கணினியிலேயே வாங்கலாம், பெரிய ஹோட்டலும் இல்லை, முதுகுப்பை தூக்கிக்கொண்டு வரும் பிள்ளைகள் தங்கும் இடமும் இல்லை, நடுவாக, வெந்நீரும் லிப்டும் இருந்தால் போதும் என்று சொன்னேன். சைகோனில் இரண்டு இரவு, ஹுவேயில் இரண்டு, ஹோய் ஆனில் மூன்று. "சைகோன்ல மாரியம்மன் கோயிலே இருக்கு மேடம், பயப்படாதீங்க" என்றாள் ஜெசிந்தா, நான் பயப்படுவது அந்த மாதிரி விஷயத்துக்கு இல்லை என்று அவளுக்கு எப்படிச் சொல்வது. எனக்கு மாரியம்மனைவிட அந்தத் தெருமரங்களைப் பார்க்க வேண்டும், நூறடி உயரம், விதைக்கு இரண்டு நீண்ட சிறகு, காற்றடித்தால் ஆயிரம் ஆயிரமாகச் சுழன்றுகொண்டே தெருவில் இறங்குமாம், முப்பத்திரண்டு வருஷம் கரும்பலகையில் வரைந்த விதை, சுழல்வதைப் பார்த்ததில்லை. சித்திரைக்குள் போனால் முதல் விதைகளாவது விழத் தொடங்கியிருக்கும். ஹுவேயில் வாசனை ஆறு என்று ஒன்று, மேலே பழத்தோட்டங்களில் உதிர்ந்த பூக்கள் மிதந்து வருவதால் அந்தப் பெயராம், இருபது கட்டுரை படித்துவிட்டேன், என்ன பூ என்று ஒருவர்கூட எழுதவில்லை, பூவைப் பார்க்காமல் ஆற்றைப் படம் பிடித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். சாப்பாடுதான் சிக்கலாக இருந்தது, குழம்பில், கீரையில், எல்லாவற்றிலும் மீன்சாறு. பிறகு தெரிந்தது, சாய் என்று பலகை போட்டிருந்தால் சைவம், அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அந்த ஊர்க்காரர்களே பாதிப்பேர் சைவம்தான் சாப்பிடுவார்களாம், படித்தவுடன் எழுந்து போய் சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். கணினியில் விமானம், மடியில் திதி. ஹோய் ஆனில் பௌர்ணமிக்கு முந்தின நாள் மின்விளக்கை அணைத்துவிட்டுக் காகித விளக்கு ஏற்றுவார்களாம், அதையும் சேர்த்துப் பொருத்தியதில் பௌர்ணமி சரியாகப் பங்குனி உத்திரத்தில் வந்து விழுந்தது, கூட வரும் நீலா முடியாது என்பாள் என்று நினைத்தேன். "முருகன் கோவிச்சுக்க மாட்டார்க்கா" என்றாள் போனில், "அவரே ஒரு பழத்துக்காக உலகத்தைச் சுத்தினவர்தானே. நம்ம கஷ்டம் அவருக்குத் தெரியும்."

நீலாவதி என் ஓர்ப்படி. என் கணவர் சிதம்பரநாதனின் தம்பி மாசிலாமணியைக் கட்டியவள், எனக்கு ஆறு வயது இளையவள், அறுபத்து நாலு. உறையூர் வீட்டில் ஒரே அடுப்படியில் பத்தொன்பது வருஷம் கிடந்தோம், பிறகு வீடு விற்று அவரவர் வழி போனோம், மாசிலாமணி போய் எட்டு வருஷம், இவர் போய் மூன்று, அவள் தஞ்சாவூரில் மகன் வீட்டில், நான் புத்தூரில் இந்த மூன்றாம் மாடியில். போன ஆவணியில் இவருடைய திதிக்கு வந்தவள், எல்லோரும் கை கழுவப் போன நேரம், இலையை மடித்துக்கொண்டே, "எங்கேயாவது போகலாமாக்கா, நாம ரெண்டு பேரும்" என்றாள். என்னிடம் அவள் ஒன்று கேட்டு முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் இருக்கும், அதனால் எங்கே, எப்போது என்று எதுவும் யோசிக்காமல் சரி என்றேன். புனேயிலிருந்து என் மகன், குரூப்போடு போங்கம்மா, சமையல்காரரையே கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்றான். நாற்பது பேரோடு புளியோதரை சாப்பிட எனக்கு வாசனை ஆறு எதற்கு. காபி ஆறிவிட்டது. சர்க்கரை போடாத காபி ஆறினாலும் கெடுவதில்லை, இந்தப் பழக்கத்தை டாக்டர்கூடப் பாராட்டினார், எப்போது விட்டீர்கள் என்று கேட்டார், நானாக விடவில்லை, உறையூரில் ஒரு காலத்தில் அப்படித்தான் வந்தது, ரேஷனில் தட்டுப்பாடு என்று நினைத்துக் குடித்தேன், நாக்கு ஒத்துக்கொண்டுவிட்டது. மணி இரண்டு நாற்பது. ஒரு அறையா, இரண்டு அறையா.

நான் தூக்கத்தில் பேசுவேன். அதுதான் விஷயம், இத்தனை சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறேன். இவர் சொல்லித்தான் எனக்கே தெரியும், உறையூரை விட்டு வந்த பிறகு ஒரு நாள் காலையில் பேப்பரை இறக்காமலே, "நேத்து பிரசங்கம் பிரமாதம்" என்றார். என்ன சொன்னேன் என்று கேட்டால், "டிக்கெட் வாங்கினவங்களுக்குத்தான் சொல்லுவேன்." இருபது வருஷம் இதே பதில், கெஞ்சியும் கேட்டேன், கோபித்தும் கேட்டேன், ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்கும்போதுகூட, என்னதான் சொல்வேன் நான், இப்பவாவது சொல்லுங்களேன் என்று சிரித்துக்கொண்டே கேட்டேன், அவரும் சிரித்தார், சொல்லவில்லை. என் வாயிலிருந்து வருவது எனக்கே தெரியாது என்பது எத்தனை விசித்திரம், பக்கத்து வீட்டில் யாரோ பேசுவதுபோல் என் வீட்டிலேயே யாரோ. மூன்று வருஷமாக இந்த அறையில் கேட்க ஆளில்லை, அலமாரியும் மின்விசிறியும் கேட்டுக்கொண்டிருக்கின்றன. ஒரு தடவை கைப்பேசியில் பதிவு போட்டுவிட்டுப் படுத்தேன், பதிவாகிறது என்ற நினைப்பிலேயே விடியும்வரை தூக்கம் வரவில்லை, மறுநாள் போட்டுக் கேட்டால் ஆறு மணி நேரம் மின்விசிறி, கடைசியில் பால்காரர் மணி. நீலா பக்கத்துக் கட்டிலில் படுத்தால் கேட்பாள், காலையில் சொல்வாள், இவரைப்போல டிக்கெட் கேட்க மாட்டாள், எனக்கும் தெரிந்துகொள்ள ஆசைதான், குழந்தை பொட்டலத்தைப் பிரிக்கிற ஆசை, ஆனால் அந்தப் பொட்டலத்தில் அந்தக் கடிதம் இருந்தால்.

எழுதுகிறவள் அடித்துவிட்டு மறுபடி எழுதலாம், நினைக்கிறவளுக்கு அது முடியாது. எண்பத்தெட்டு, ஆடி மாதம். நீலா ரயில்வே குமாஸ்தாத் தேர்வு எழுதியிருந்தாள், அடுப்படியில் புத்தகத்தை மிளகாய்த் தூள் டப்பாவில் சாய்த்து வைத்துப் படித்தவள். "வேலை கிடைச்சா பாஸ் தருவாங்கக்கா, வருஷா வருஷம், எங்க வேணும்னாலும் போகலாம். நீங்களும் வாங்க, உங்களை யாருன்னு எழுதறதுன்னுதான் தெரியல." எனக்கு அந்த வருஷம்தான் கல்லூரியில் வேலை நிரந்தரமாகியிருந்தது, ஆய்வேட்டை முடிக்க நாலு மாதம்தான் இருந்தது, மாமியாருக்குக் கண் ஆபரேஷன், நாங்கள் இருவரும் அத்தை என்று கூப்பிடுவோம், அத்தையின் மூன்று வேளைச் சொட்டு மருந்து, ஒன்பது பேர் சமையல், எல்லாம் நீலாவின் தலையில் இருந்ததால்தான் என் தலையில் ஆய்வேடு இருந்தது. கல்லூரி விடுமுறையான ஒரு மத்தியானம் தபால் கதவிடுக்கில் விழுந்தது, பழுப்பு உறை, பசை சரியாக ஒட்டவில்லை, நேர்முகத் தேர்வு, சென்னை, பதினோராம் தேதி. நாளைக்குக் கொடுக்கலாம் என்றுதான் வைத்தேன். இலைகளை அழுத்திக் காயவைத்து ஒட்டும் தாள்கட்டு என் மேஜையில் இருந்தது, ஆவாரைக் கிளை ஒட்டிய தாளுக்குக் கீழே வைத்தேன், நாளைக்கு, ஆபரேஷன் முடியட்டும், கட்டுப் பிரிக்கட்டும், பதினோராம் தேதி மற்ற நாள்போல வந்து மற்ற நாள்போலவே போயிற்று. அதற்குப் பிறகு எப்படிக் கொடுப்பது. மூன்று மாதம் அவள் தபால்காரரை வாசலில் நிறுத்திக் கேட்டாள், "ஏதாச்சும் வந்துச்சா?" "வந்தா போட்டிருப்பேனேம்மா." நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன், அவர் சொன்னதில் பொய்யில்லை. அந்தத் தாள்கட்டு இன்னும் இருக்கிறது, கட்டிலுக்கு அடியில், வீடு மாறியபோது நானே தூக்கிக்கொண்டு வந்தேன், வேறு யாரையும் தொடவிடவில்லை. ஒரு அறை என்றால் ஏழு இரவு, ஏழு இரவில் ஒன்றிலாவது சொல்லிவிடுவேன், நிச்சயம் சொல்லிவிடுவேன், விழித்திருக்கும்போது அடக்கிவைத்தது தூங்கும்போது யார் பேச்சைக் கேட்கும்.

மணி மூன்று பத்து, அங்கே நாலு நாற்பது, ஹோய் ஆனில் இப்போது விளக்குகளைத் தோரணத்தில் மாட்டத் தொடங்கியிருப்பார்கள், பட்டா காகிதமா என்று பார்க்க வேண்டும், பட்டுத்துணி என்று ஒருவர் எழுதியிருக்கிறார், மூங்கில் சட்டம், மடித்துப் பெட்டியில் வைக்கலாமாம். நாங்கள் இருவரும் சேர்ந்து எங்குமே போனதில்லை என்று மகனிடம் சொன்னேன், அதுகூட முழு உண்மையில்லை. அத்தை இருந்தவரை அந்த வீட்டில் மாதவிலக்கான மூன்று நாளும் பின்கட்டு அறையில்தான் இருக்க வேண்டும். காலையில் கல்லூரியில் ஐம்பது பெண்களுக்கு மகரந்தச் சேர்க்கை பற்றிப் பாடம் எடுத்துவிட்டு, மாலையில் வந்து தனித் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக் கதவு வழியாக அந்த அறைக்குள் போய்விடுவேன், எனக்கு வெட்கமாக இருக்கும், ஆனால் சில மாதங்களில் அவளுக்கும் எனக்கும் நாள் ஒன்றாகிவிட்டது, பிறகு வெட்கம் போய் அந்த மூன்று நாளுக்காகக் காத்திருக்கத் தொடங்கினோம். அடுப்பு இல்லை, சொட்டு மருந்து இல்லை, யாரும் தொட முடியாது, யாரும் கூப்பிட முடியாது. என் அட்லஸை அவள் மடியில் விரித்துக் கண்ணை மூடிக்கொண்டு புளியங்கொட்டையைப் போடுவாள், "இந்த ஊருக்குப் போறோம்க்கா, அங்க என்ன மரம்?" நான் மரம் சொல்வேன், தெரியாவிட்டால் கற்பனையாகச் சொல்வேன். கொட்டை கடலில் விழுந்தால் கப்பல். சீட்டுக்கிழித்துப் போட்டு யார் ஜன்னலோரம் என்று சண்டைகூட வந்திருக்கிறது, பாய்மேல் உட்கார்ந்து என்ன ஜன்னல். அந்த வருஷம் ஐப்பசியோடு அது நின்றுபோயிற்று, ஏன் என்று கேட்கவில்லை, அட்லஸ் பரணில் ஏறியது, அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள், வேலை கிடைக்காத வருத்தம் என்று நினைத்தேன். நினைத்தேனா, நினைக்க விரும்பினேனா.

இரண்டு அறை. முடிவு செய்தாயிற்று, செலவு கொஞ்சம் கூடும், ஹோய் ஆனில் ஒரு இரவைக் குறைத்தால் சரியாகும், ஆனால் எந்த இரவை, விளக்கு இரவையா, பௌர்ணமிச் சாப்பாட்டையா, பென்சிலால் அடித்துப் பார்க்கிறேன், அடித்த இடத்திலேயே மறுபடி எழுதுகிறேன். காரணம் என்ன சொல்வது. குறட்டை என்று சொன்னால் சிரிப்பாள். ஏசி என்று சொல்லலாம். மணி மூன்று முப்பத்தைந்து, போனை எடுத்தேன், இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள், பின்னால் குக்கர் சத்தம்.

"சொல்லுங்கக்கா. ரயில் நிச்சயம்தானே?"

"ரயில் நிச்சயம். ரூம் ஒண்ணா ரெண்டான்னு அந்தப் பொண்ணு கேக்குது நீலா. ரெண்டு போட்டுடலாம்னு பாக்கறேன். உனக்கு ஏசி இல்லாம முடியாது, எனக்கு ஏசி ஒத்துக்காது."

"போர்வை விக்கிறதில்லையா அந்த ஊர்ல?"

"அதுக்கில்ல."

"வேற எதுக்கு?"

"நான் தூக்கத்துல பேசுவேன். அவர் சொல்லுவார்."

குக்கர் ஒரு தடவை கூவி அடங்கியது. அவள் அடுப்பை அணைக்கிற சத்தம், நாற்காலியை இழுக்கிற சத்தம்.

"இதுக்கா ஏசி மேல பழி போட்டீங்க? பின்கட்டு ரூம்ல மாசம் மூணு நாள் உங்க பக்கத்துல படுத்தவ நான். நீங்க பேசறது எனக்குப் புதுசா?"

அப்போதேவா. அது பிற்பாடு வந்த பழக்கம் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன், இவர் சொன்ன நாள்தான் பிறந்த நாள் என்பதுபோல. கேட்காமல் இருக்க முடியவில்லை, இருபது வருஷம் கேட்டுக் கிடைக்காதது இதோ ஒரு கை தூரத்தில்.

"என்ன பேசுவேன்?"

"பாதி நாள் பாடம். யாரையோ திட்டுவீங்க, இலையை எண்ணுடி, எண்ணிட்டு எழுதுடின்னு. சில நாள் நாம கொட்டை போட்ட ஊர் பேரெல்லாம் வரிசையா."

"அவ்வளவுதானா?"

"ஐப்பசியில ஒரு நாள். நல்ல மழை. 'ஆவாரைக்குக் கீழ இருக்கு நீலா, எடுத்துக்கோ'ன்னீங்க. ரெண்டு தடவை சொன்னீங்க. மூணாம் நாள் தலைக்குக் குளிச்சிட்டு, நீங்க காலேஜ் போனப்புறம் எடுத்துப் பார்த்தேன்."

குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், தாள்கட்டு இருந்த இடத்திலேயே இருந்தது.

"தேதி போயிடுச்சு, என்ன பண்றது. இருந்த இடத்துலயே வெச்சிட்டேன். ரெண்டு வருஷம் உங்க மூஞ்சியப் பார்த்தாலே எரியும்க்கா எனக்கு. உங்க காபியில மட்டும் சர்க்கரை போடாம குடுப்பேன். ஏண்டின்னு ஒரு நாளாவது கேப்பீங்கன்னு பார்த்தேன், கேக்கவே இல்ல. குடிச்சிட்டு டம்ளரக் கழுவி வெச்சிட்டுப் போவீங்க. அதுலேருந்து தெரிஞ்சுக்கிட்டேன், உங்களுக்கும் உள்ள இருக்குன்னு."

"ஏன் நீலா கேக்கல? இத்தனை வருஷம்?"

"கேட்டா நீங்க அழுவீங்க. அழுதா நான்தான் சமாதானம் சொல்லணும். அப்ப எனக்கு அதுக்கு மனசில்ல."

"நீலா, நான் அன்னிக்கு..."

"இப்ப வேணாம்க்கா. அங்க ஏழு ராத்திரி இருக்கில்ல, தூக்கத்துல சொல்லுங்க. முழிச்சிக்கிட்டுச் சொன்னா நீங்க இங்கிலீஷுக்குப் போயிடுவீங்க." சிரித்தாளா, மூக்கை உறிஞ்சினாளா, தெரியவில்லை. "அந்த ரயில்ல கடல் எந்தப் பக்கம் வரும்?"

"இடது பக்கம்."

"அந்த ஜன்னல் எனக்கு. வழி முழுக்க. கொஞ்ச நேரம் மாத்தி உக்காரலாமான்னு நடுவுல கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன்."

"சரி, வெக்கிறேன். சுண்டல் குழைஞ்சிருக்கும்."

மூன்று ஐம்பதுக்கு ஜெசிந்தாவைக் கூப்பிட்டு ஒரு அறை என்றேன். "நான் அப்பவே சொன்னேன்ல மேடம்" என்றாள். அப்படியானால் இவருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது, இருபது வருஷம் பேப்பருக்குப் பின்னால் அதை வைத்துக்கொண்டு சிரித்திருக்கிறார், அல்லது அவரிடம் வேறேதாவது சொன்னேனோ, அது இனி தெரியாது, போகட்டும், நீலா கேட்டுச் சொல்லட்டும், இப்போது நான் என்னதான் பேசுகிறேன் என்று. கட்டிலுக்கு அடியிலிருந்து தாள்கட்டை இழுத்துத் தூசியைத் துடைத்து நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன், பிரிக்கவில்லை, பெட்டியில் துணிக்கு அடியில் தட்டையாக வைத்தால் இடம் பிடிக்காது. ஐந்தாம் நாள், காலை, ரயில், இடது பக்கம் என்று எழுதியிருந்ததற்குப் பக்கத்தில், ஜன்னல் நீலாவதிக்கு என்று எழுதினேன். எனக்கு அவள் தலைக்குப் பின்னால் தெரிகிற அளவு கடல் போதும்.